கூவல் மகசர்

பீர்மேட்டுக்கு மேலே, மேகம் வந்து முட்டுகிற உயரத்தில் இருக்கிறது எங்கள் வெள்ளிமூடி தேயிலை எஸ்டேட். மேல் கோர்ட்டோ கடலோரத்துப் பட்டணத்தில் இருக்கிறது. ஆனாலும் சட்டப்படி அதுதான் மேலே, நாங்கள்தான் கீழே. இந்த ஏற்பாட்டை மனதில் வாங்கிக்கொண்டால் மற்றதெல்லாம் சுலபமாக விளங்கிவிடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தேழு, ஆடி மாதம். எட்டாம் நம்பர் மலையில் கொழுந்தெடுத்துக்கொண்டிருந்த அழகுத்தாயை, கங்காணி செல்லத்துரை ஓடைப்பக்கத்துச் செடி நிரைக்குத் தனியாக அனுப்பி, பின்னாலேயே போய்ப் பலவந்தம் செய்தான். அவள் அன்றைக்கே ஒன்பது மைல் மழையில் நடந்து போலீசில் சொன்னாள். டாக்டர் பார்த்து எழுதினார். செஷன்ஸ் கோர்ட்டு ஏழு வருஷம் போட்டது. செல்லத்துரை நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்துவிட்டு, அப்பீல் செய்து ஜாமீனில் வந்துவிட்டான்.

நான் எஸ்டேட்டின் மஸ்டர் ரைட்டர். தினமும் வேலைக்கு வந்தவர் பேரைப் போட்டு, வராதவர் பேரை வெட்டுகிறவன். சம்பவத்தன்று நூறு கெஜத்துக்கு அப்பால், நிறுவைக் கொட்டகையில் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன். என்னை யாரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. கூப்பிடாத இடத்துக்குப் போகிற பழக்கம் எனக்கும் கிடையாது.

மேல் கோர்ட்டுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். கத்தினேன் என்கிறாள். அடுத்த சரிவில் நாற்பது பெண்கள் இருந்திருக்கிறார்கள். ஒருத்தியும் வரவில்லை. கத்தியிருந்தால் கேட்டிருக்கும், கேட்டிருந்தால் வந்திருப்பார்கள். ஆகையால் அவளை அதே இடத்தில் மறுபடி கத்தச் செய்து, யாராவது வருகிறார்களா என்று பார்த்து மகசர் எழுதி வரும்படி ஒரு வக்கீல் கமிஷனரை அனுப்பியது.

எங்கள் எஸ்டேட்டில் விசில் ஊதாமல் நிரையை விட்டு நகர்ந்தால் அன்றைய பேர் வெட்டு, கூலி கிடையாது. மூன்று தடவை பேர் வெட்டினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும். அந்த விசில் கங்காணியின் சட்டைப்பையில் இருக்கும். கோர்ட்டுக்கு இது தெரியாது. கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கமிஷனர் வெங்கடேஸ்வரன் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். எறும்பை மிதித்தாலும் வருந்துகிற நல்ல மனுஷர். மப்ளர், அளவுச் சங்கிலி, ஸ்டாப்வாட்ச், அப்பு என்ற கோர்ட்டுச் சிப்பாய் ஆகிய சகல சாமான்களோடும் மார்கழியில் வந்து இறங்கினார். வந்த நேரம் வானம் பளிச்சென்று இருந்தது. சம்பவத்தன்று இருந்த அதே அளவு மூடுபனி வேண்டும் என்பது உத்தரவு. மூன்று நாள் பங்களாவில் சாப்பிட்டுக்கொண்டு காத்திருந்தார். நாலாம் நாள் பனி இறங்கியது.

"அன்னிக்கும் இத்தனைதான் மஞ்சு இருந்ததோ?" என்று என்னைக் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் கூட இருந்துச்சுங்கய்யா."

"அப்படின்னா கொஞ்சம் கூடட்டும்."

கூடியது. முதலில் மாதிரிக்கு அப்பு கூவினான். கங்காணியின் வக்கீல் முத்துசுவாமி உடனே ஆட்சேபித்தார். ஆண் குரல் செல்லாது. பிறகு அழகுத்தாயை நிறுத்தினார்கள்.

"அன்னிக்குக் கூவினயோல்லியோ, அதேபோல ஒறக்கக் கூவும்மா" என்றார் கமிஷனர்.

"கூவச் சொன்னா வருமா சாமி?"

"கோர்ட்டு உத்தரவாக்கும்."

அவள் கத்தினாள். வக்கீல் தலையசைத்தார். "இதுல பயம் இல்லே. பயமில்லாத கூவலை ரிக்கார்டு பண்ணப்படாது."

கமிஷனர் யோசித்துவிட்டு, "வாஸ்தவம். பயம் போறாது. கொஞ்சம் பயந்துண்டு கூவு" என்றார்.

"எப்பிடிப் பயப்படுதது சாமி? அதான் இத்தன பேரு நிக்கீகளே."

மறுக்க முடியாத வாதம். ஆனால் வக்கீலிடம் அதற்கும் வழி இருந்தது. சம்பவத்தன்று இருந்த நிலைமையை அப்படியே உண்டாக்க வேண்டும் என்றார். போலீஸ் வரைபடத்தில் கங்காணி நின்ற இடம் குறித்திருக்கிறது. அதே கம்பளிக்கோட்டோடு செல்லத்துரையை அங்கே நிறுத்தினார்கள். சம்பவத்தன்று கமிஷனரும் வக்கீலும் சிப்பாயும் அங்கே இல்லை என்பதால், விதிப்படி மூவரும் மஞ்சுக்குள் மறைந்தார்கள். நானும் மறைந்தேன்.

செல்லத்துரை, உத்தரவுப்படி, இரண்டு எட்டு முன்னால் வைத்தான்.

அவள் கத்தினாள். கமிஷனர் கையிலிருந்து ஸ்டாப்வாட்ச் நழுவி விழுந்தது. நான் இரண்டாவது தடவை அந்தக் குரலைக் கேட்கிறேன்.

பனி ஒரு கணம் விலகியது. எதிர்ச் சரிவில் நாற்பது பெண்களும் கை ஓடாமல் நின்றார்கள். நடுவில் செல்லத்துரையின் தம்பி காளிச்சாமி நின்றான். அண்ணனுக்குப் பதிலாக இப்போது விசில் அவனிடம். வாயில் வைத்திருந்தான், ஊதவில்லை. நாற்பது ஜோடிக் கைகளும் மறுபடி கொழுந்தெடுக்க ஆரம்பித்தன.

கமிஷனர் வாட்சைத் துடைத்துக்கொண்டு பத்து நிமிஷம் காத்திருந்தார். "ஒருத்தரும் வரலையே."

"வரலைங்கய்யா" என்றேன்.

"அப்போ கேக்கலைன்னுதான் அர்த்தம்."

அழகுத்தாய் மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னாள்: "சாமி, அவளுககிட்டயே ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்!"

"வராளான்னு பாக்கத்தான் எனக்கு உத்தரவு. கேக்கறதுக்கு உத்தரவில்லையே அம்மா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார்.

மகசரில் சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன். எங்கள் மலையில் கையெழுத்து அழகாக இருப்பது எனக்கு ஒருவனுக்குத்தான்.

சித்திரையில் தீர்ப்பு வந்தது, இருபத்திரண்டு பக்கம். காலையில் பெரட்டுக்களத்தில், வேலைக்கு அணிவகுத்து நின்ற எல்லார் முன்னாலும் நான் படித்துச் சொன்னேன். கத்தினால் அந்த மலையில் யாருக்கும் கேட்காது என்று மகசரால் தெளிவாகிறது. ஆகவே யாரும் வராததில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அழகுத்தாய் சொன்னது நிஜம். செல்லத்துரை குற்றவாளிதான்.

அழகுத்தாய் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். பெண்கள் அவளைச் சுற்றிக்கொண்டு முதுகைத் தடவினார்கள். எல்லார் முகத்திலும் ஒரு நிம்மதி. இருக்காதா? எங்களுக்குக் கேட்கவில்லை என்று மேல் கோர்ட்டே சொல்லிவிட்டதே.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன். தண்டனை பற்றி. குளிர் ஒத்துக்கொள்ளாத உடம்பு, அப்பீலுக்காக மலை இறங்கி ஏறிய அலைச்சல், விசில் பறிபோன மனவேதனை, மகசரின்போது சொன்ன இடத்தில் நின்று ஒத்துழைத்த நன்னடத்தை இவற்றையெல்லாம் கருதி, ஏழு வருஷம் ஏற்கெனவே இருந்துவிட்ட நாற்பத்தொரு நாளாகக் குறைக்கப்படுகிறது.

அழகுத்தாய் முந்தானையை எடுத்தாள். கோர்ட்டைத் திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள்.

"ரைட்டரையா, ஒங்களுக்குமா கேக்கல?"

"தீர்ப்புல அப்படித்தான் போட்டிருக்கு, அழகுத்தாய்" என்றேன்.

களத்து ஓரத்தில் காளிச்சாமி விசிலைத் துடைத்து அண்ணன் கையில் கொடுத்தான். செல்லத்துரை ஊதினான். அது எங்கள் எல்லாருக்கும் நன்றாகக் கேட்டது. நாற்பது பேரும் கூடையை மாட்டிக்கொண்டு ஓடினார்கள்.

அழகுத்தாய் நகரவில்லை. நான் மஸ்டர் புத்தகத்தைத் திறந்து, விதிப்படி, அவள் பேரை வெட்டினேன்.