குசினிக்காரர் கட்டிய கோட்டை

மலாயாவின் நெகிரி செம்பிலானில் தனக்கென்று கோட்டை கட்டிக்கொண்ட ஒரே சமையல்காரர் எங்கள் ரப்பர் தோட்டத்துக் 'கோட்டை'தான். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும்.

துரை பங்களாவில் சூப் வைத்தவர். ஜப்பான்காரன் வருகிறான் என்றதும் துரை காரேறிப் பறந்தார். அத்தனை வருஷச் சூப்புக்கு அவர் விட்டுப்போனது ஒரு கதை: சீமையில் அந்தக் காலத்து ராஜாக்கள் சுற்றிலும் பள்ளம் தோண்டி, அந்த மண்ணை நடுவில் குன்றாகக் குவித்து, உச்சியில் பலகை வேலி அடித்துக் கோட்டை என்பார்களாம்.

போதாதா? மறுநாளே நாங்கள் வரிசையாகக் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் மண்வெட்டியோடு இறங்கிவிட்டார்.

"அண்ணே, அவன் ஏரோப்ளான்ல வர்றான், நீங்க பள்ளம் தோண்டுறீங்க?" என்றேன்.

"படிக்காத பயலே! ஏரோப்ளான் எறங்கித்தானடா ஆகணும்?"

நான் மூன்றாம் வகுப்புவரை படித்தவன். பின்னாளில் அம்பாங்கானில் இரண்டு கடை போட்டவன். அவர் பள்ளிக்கூட வாசலையே பார்த்ததில்லை.

மேடு வளர்ந்தது. உச்சியில் நின்றால் லயமும் ஆட்டுக்கொட்டகையும் செம்மண் ரோடும் தெரியும். கீழே நின்றாலும் அதேதான் தெரியும்.

ஒருநாள் லாரி வந்தது, சயாம் ரயில் வேலைக்கு ஆள் பிடிக்க. முன்னே போனவன் எவனும் திரும்பவில்லை. நான் உட்பட வாலிபர்களை மேட்டடியில் வரிசையாக நிறுத்தினார்கள். ஜப்பான் அதிகாரி மேட்டைக் காட்டினான். "இது என்ன?" என்று மலாயில் கேட்டார் கூட வந்த மலாய்க்காரர்.

"குபு!" என்றார் கோட்டை, நெஞ்சை நிமிர்த்தி.

மலாயில் குபு என்றால் கோட்டை. குபுர் என்றால் சவக்குழி. நம்மவர்கள் மலாய் பேசினால் கடைசி 'ர்' தொண்டையிலேயே தங்கிவிடும் என்று அந்த மனிதருக்குத் தெரியும். வராத 'ர்'ஐ அவரே போட்டுக்கொண்டார். முகம் வெளுத்தது.

"இவ்வளவு பெரிசா? உள்ளே எத்தனை பேர்?"

"மொத்த லயமும் உள்ள போயிரும் லா! இன்னும் பத்தல, தினமும் தோண்டுறோம்!"

அவர் அதிகாரியின் காதில் சொன்னதில் எனக்குப் புரிந்தது 'காலரா' மட்டும். மூக்கைப் பொத்திக்கொண்டு லாரியில் ஏறினார்கள். லாரி வந்த வழியே பின்பக்கமாகவே ஓடியது.

"பாத்தியாடா? கோட்டையப் பாத்ததும் பட்டாளமே ஓடுது!"

யாரும் மறுக்கவில்லை. உயிரோடு நின்றோமே!

சண்டை முடியுமுன் காய்ச்சலில் போனார். அந்த மேட்டிலேயே புதைத்தோம்.

போன வருஷம் வீடு கட்ட நிலம் விலைபோனது. புல்டோசர்காரப் பையன் வந்து, "இது என்ன, பாக்சிக்?" என்று மலாயில் மாமா முறை வைத்துக் கேட்டான்.

"குபு" என்றேன். எனக்கும் அந்த 'ர்' வராது.

மேட்டைச் சுற்றிக்கொண்டு போனான். எப்படிக் கேட்டானோ, இரண்டும் சரிதான்.