வராதவர்களின் செக்ரோல்

இலங்கை மலையகத்தில், பூண்டுலோயாப் பக்கத்தில் வண்டுக் கிளாக்கரைப் போல ஒரு மனிதர் அவருக்கு முன்னும் இருந்ததில்லை, பின்னும் இருக்கப்போவதில்லை. உயிரோடு இருப்பவர்களைப் பற்றி அவர் ஒரு வருஷம் பேசிய பேச்சை ஒரு தபால் அட்டையில் எழுதிவிடலாம். செத்துப்போன வண்டுகளைப் பற்றி ஆரம்பித்தாலோ, கேட்பவன் வீட்டில் சோறு கரியாகிவிடும். என் வீட்டில் பலமுறை ஆகியிருக்கிறது.

1950களின் நடுவில் நான் அங்கே ஒரு தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் மருந்து கலக்கிக்கொண்டிருந்தேன். அவர் செக்ரோல் கிளாக்கர். காலையில் வேலைக்கு ஆள் கூடும் பெரட்டில் தொழிலாளர்களின் பெயரைக் கூப்பிட்டு, வந்தவர் யார், வராதவர் யார் என்று செக்ரோல் புத்தகத்தில் குறிப்பது அவர் வேலை. எங்கள் இருவர் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. கடிதம் போடக்கூட ஆளில்லை.

சீமைக்குத் திரும்பிய ஒரு சின்னத்துரை, தடித்த பூச்சிப் புத்தகம் ஒன்றை அவரிடம் விட்டுப்போனார். அகராதியும் கையுமாக உட்கார்ந்தவர், ஆதி வண்டுகளைப் பற்றிய அத்தியாயத்தில் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை.

"இப்ப உள்ள வண்டுக்கு முதுகு மூடி டப்பா மாதிரி கச்சிதமா இருக்கும் தம்பி. அந்தக் காலத்து ஆளுகளுக்கு மூடி உடம்பைவிட நீளம். கூரையாட்டம் சரிஞ்சு நிக்கும். அதுல வலை மாதிரி நரம்பு. பாவம், வம்சமே அத்துப்போச்சு" என்பார், போன வாரம் எழவு விழுந்த வீட்டைப் பற்றிச் சொல்வதுபோல.

"நம்ம மலையில கிடைக்குமாண்ணே?"

"கிடைக்காது. நம்ம கல்லு பூமிக்குள்ள வெந்த கல்லு. அதுல பூச்சியோட அச்சு தங்காது. ரஷ்யாவுல கிடைக்குது."

புத்தகத்துப் பெயர்கள் அவர் நாக்கில் நிற்கவில்லை. எனவே கூரைமுதுகன், வலைநரம்பன் என்று அவரே குடும்பங்களுக்குப் பெயர் வைத்தார். பழைய செக்ரோல் புத்தகம் ஒன்றில் பெயர்களை ஏற்றி, தோட்டத்து வழக்கப்படி பெரிய பிரிவு ஒவ்வொன்றுக்கும் ஒரு கங்காணியையும் போட்டார். ஒற்றை மூடி மட்டும் கிடைத்திருந்த ஒரு குடும்பத்தை எந்தக் கங்காணியிடம் சேர்ப்பது என்று தெரியாமல், ஒரு மழைக்காலம் முழுக்கச் சரியாகச் சாப்பிடவில்லை. தினமும் அத்தனை பேருக்கும் எதிரே 'வரவில்லை' என்று குறிப்பார்.

ஓர் ஆடி மாதக் காலை. எதிரே நிற்பவன் முகம் தெரியாத பனிமூட்டம். வண்டுக் கிளாக்கர் பெரட்டுக்குத் தவறான புத்தகத்தை எடுத்துவந்துவிட்டார்.

"கூரைமுதுகன்!"

"வரலைங்கய்யா" என்றார் கங்காணி, பழக்கதோஷத்தில்.

"வலைநரம்பன்!"

"அவனும் வரலைங்க."

"நீளமூடி!"

கங்காணி தலையைச் சொறிந்தார். "ஐயா, இவனுங்க எந்த லயத்து வீட்டு ஆளுங்க? நான் பாத்ததே இல்லைங்களே?"

கூட்டம் சிரித்தது. பின்னால் நின்ற பெரியதுரை சிரிக்கவில்லை. இல்லாத ஆளுக்குச் செக்ரோலில் பெயர் போட்டுச் சம்பளம் எடுப்பது தோட்டத்தில் பெரிய திருட்டு. வேலை போகும், அன்றைக்கே வீடும் போகும்.

"யார் இந்தக் கூரைமுதுகன்? கொண்டா இங்கே!"

"செத்துட்டாங்க துரை."

"எப்போ?"

"இருபத்தஞ்சு கோடி வருஷத்துக்கு மேல இருக்குங்க."

துரையின் முகம் கோவைப்பழமாகச் சிவந்தது. பக்கத்து வீட்டுக்காரன் என்று என்னைக் கூப்பிட்டு விசாரித்தார். "எல்லாம் வண்டுங்க துரை. சத்தியமா வண்டு. தினமும் நான்தான் கேட்டுத் தொலைக்கிறேன்" என்றேன். ஓடிப்போய்ப் பூச்சிப் புத்தகத்தையும் கொண்டுவந்து காட்டினேன். துரை படங்களையும் பெயர்களையும் வெகுநேரம் ஒப்பிட்டுப் பார்த்தார். வேலை தப்பியது. ஆனால் பொய்ப் பெயர் எழுதிய செக்ரோல் தோட்டத்தில் இருக்கக்கூடாது, எரித்துவிடு என்றார். பூச்சிப் புத்தகத்தையும் ஆபீசிலேயே வைத்துக்கொண்டார்.

தேயிலை ஆலை அடுப்பில் அந்தச் செக்ரோலை வண்டுக் கிளாக்கரே கொண்டுபோய்ப் போட்டார். நானும் கூடப் போனேன்.

அதன் பிறகு பெரட்டில் பெயர் கூப்பிடுவதோடு சரி. என் பக்கம் வருவதை நிறுத்திவிட்டார். முன்பெல்லாம் அவர் செருப்புச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்திக்கொண்டவன்தான் நான். நிம்மதி என்று நினைத்தேன். பத்து நாள் தாங்கவில்லை. சோறு கரியாகாமல் வெந்தது, ஆனால் இறங்கவில்லை. அந்த மனிதருக்கு என்னைவிட்டால் யாருமில்லை என்று மட்டும் நினைத்திருந்தேன். எனக்கும் அவரைவிட்டால் யாருமில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிஸ்பென்சரியிலிருந்து ஒரு வெற்று நோட்டை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்தேன்.

"முதல் ஆள் பேரைச் சொல்லுங்கண்ணே. எழுதிக்கிறேன்."

அவர் மூக்கை உறிஞ்சினார்.

"மெதுவா எழுதுங்க தம்பி. யாரையும் விட்டுறாதீங்க. அவங்களுக்கு வேற ஆளில்ல."

நான் விஷ மருந்துக்குச் சீட்டு எழுதும்போதுகூட அவ்வளவு கவனமாக எழுதியதில்லை.