எண்கள் ஒத்துப்போன அலுவலகம்

நெருப்பு, சக்கரம், அச்சு எந்திரம் ஆகியவற்றுக்கு அடுத்தபடியாக மனித குலம் கண்ட மாபெரும் சாதனை எங்கள் அலுவலகத்தின் ஐந்தாவது மாடியில் நிகழ்ந்தது. அப்போது நான் அங்கேதான் இருந்தேன் என்பதையும், சாதனையின் கணிசமான பகுதி என் கைவண்ணம் என்பதையும் அடக்கத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் நிறுவனத்தின் தொழில் லிஃப்ட் பராமரிப்பு. நகரத்தில் முந்நூற்றுச் சொச்சம் கட்டடங்களில் லிஃப்ட் மேலே போவதற்கும், மறுபடி கீழே வருவதற்கும் நாங்களே பொறுப்பு. எங்களுக்கென ஓர் இணையதளம் உண்டு. அதில் எங்கள் நோக்கம், எங்கள் தொலைநோக்கு, எங்கள் தலைவர் கோட்டு போட்ட படம், அதே தலைவர் எளிமையின் பொருட்டுக் கோட்டைக் கழற்றிய படம் எல்லாம் இருந்தன. கடைசியில், யாரும் பெருமையாகப் பேசாத ஒரு பக்கம்: ‘லிஃப்ட் நடுவில் நின்றுவிட்டால்’. அதில் ஒரு ஃபோன் நம்பர்.

முன்பெல்லாம் அந்த நம்பர் ஒவ்வொரு லிஃப்டின் உள்சுவரிலும் ஒட்டியிருக்கும். ஃபோனில் பேசுகிறவர்களை எந்தக் கருவியும் எண்ணுவதில்லை என்று எங்கள் மேலாளர் கண்டுபிடித்த பிறகு, நம்பரைச் சுரண்டிவிட்டு இணையதள முகவரியை ஒட்டினோம். மேலாளருக்கு அலுவலகம் வைத்திருந்த பெயர் ‘துல்லியம்’. வயது என்ன என்று கேட்டால் அறுநூற்று முப்பத்தொரு மாதம் என்பார்.

ஒரு திங்கட்கிழமை காலை, துல்லியம் மூன்று தாள்களை மேஜைமேல் பரப்பினார். முகம் வெளிறியிருந்தது.

"போன வாரம் தேடுபொறி வழியா நம்ம தளத்துக்கு எத்தனை பேர் வந்தாங்க?"

"எதைப் பார்த்துச் சொல்லணும் சார்?" என்றேன்.

"அதுதான்யா பிரச்சினை! தேடுபொறி தர்ற கணக்கு அறுநூத்திப் பன்னெண்டுங்குது. நம்ம வருகைமானி முந்நூத்தி எண்பத்தெட்டுங்குது. சர்வர் பதிவேடு ஆயிரத்து எழுநூத்தி நாப்பதுங்குது. ஒரே தளம், ஒரே வாரம். அப்ப ரெண்டு பேராவது பொய் சொல்றாங்க!"

மேஜையின் கோடியிலிருந்து அக்கா நிமிர்ந்து பார்த்தார். சர்வர் பதிவேட்டைக் கவனித்துக்கொண்டவர் அவர். அவரைவிடப் பன்னிரண்டு வயது பெரியவரான துல்லியம் உட்பட எல்லாருக்கும் அவர் அக்கா.

"யாரும் பொய் சொல்லல சார். தேடுபொறி, நம்ம பேரைச் சொடுக்கினா எண்ணும். திரும்பத் திரும்பத் தேடிச் சொடுக்கினா திரும்பத் திரும்ப எண்ணும். வருகைமானி, ‘என்னை எண்ணிக்கலாம்’னு சம்மதம் கொடுத்தவங்கள மட்டும் எண்ணும். அவங்களே அரை மணி நேரத்துக்குள்ள மறுபடி வந்தா, அது பழைய வருகைதான். சர்வர் பதிவேடு ஆள் யாரு, எந்திரம் எதுன்னு பாக்காது. ஒரு படம் கேட்டாலும் ஒரு வரி எழுதிக்கும். மூணும் மூணு வேற கேள்விக்குப் பதில். எப்படி ஒத்துப்போகும்? ஒத்துப்போனாத்தான் பயப்படணும்."

விளக்கம் ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒரு நிமிடத்தில் புரிந்துபோன விஷயத்துக்கு ஒரு குழு அமைக்க முடியாது. ஆகவே துல்லியம் அதைப் புரிந்துகொள்ளாமல் விட்டார். நான் கூட்டக் குறிப்பில் ‘கருத்து கவனிக்கப்பட்டது’ என்று எழுதினேன். எங்கள் அலுவலகத்தில் அதற்கு ‘நல்லடக்கம் செய்யப்பட்டது’ என்று பொருள்.

மறுநாளே ‘எண் ஒற்றுமை உயர்மட்டக் குழு’ கூடியது. ஐந்தாவது மாடியில் கூடியதால் உயர்மட்டம்.

"மூணையும் கூட்டிடலாமே சார்," என்றார் விளம்பரப் பிரிவுக்காரர். "ரெண்டாயிரத்து எழுநூத்தி நாப்பது! கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு!"

"அது நேர்மை இல்ல. சராசரி எடுங்க," என்றார் துல்லியம்.

எடுத்தோம். தொள்ளாயிரத்துப் பதிமூன்று புள்ளி மூன்று மூன்று.

துல்லியம் நெடுநேரம் அதையே பார்த்தார். "அந்தப் புள்ளி மூணு மூணு யாரு?"

"வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பினவரா இருக்கும் சார்," என்றேன். குழு அதை ஏற்றுக்கொண்டது.

இரண்டாவது அமர்வுக்கு வெளியிலிருந்து ஒரு நிபுணர் வரவழைக்கப்பட்டார். அவர் தம்முடைய சொந்தக் கருவியைக் கொண்டுவந்து பொருத்தி, ஒரு வாரம் கழித்து, எண் நானூற்று ஐம்பத்தைந்து என்றார். நான்காவது எண்! துல்லியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார். நிபுணருக்கு நன்றி கூறி, கருவியோடு வழியனுப்பினோம்.

மூன்றாவது அமர்வில்தான் உண்மைக் குற்றவாளிகள் அகப்பட்டார்கள். தளத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர், ‘உங்களை எண்ணலாமா?’ என்ற சின்னக் கேள்விக்கு ‘வேண்டாம்’ என்று பதில் சொல்லிவிட்டு, எண்ணப்படாமலே உள்ளே உலவிக்கொண்டிருந்தார்கள். இதைவிடப் பெரிய ‘ஊடுருவல்’ உண்டா? உடனே ‘வேண்டாம்’ பொத்தான் நீக்கப்பட்டது. கேள்வி, பக்கம் முழுவதையும் மறைக்கும் ஒரு பெட்டியாக வளர்ந்தது. அதற்கான வாசகத்தை எழுதும் பேறு எனக்குக் கிடைத்தது: ‘தங்கள் வருகை அளவிடப்படுவதில் தாங்கள் பெருமகிழ்ச்சி அடைவதை உறுதிசெய்க.’ கீழே ஒரே பொத்தான். அதில் ஒரே சொல்: ‘பெருமகிழ்ச்சி’.

"அந்த அவசரப் பக்கத்துலயுமா சார்?" என்று கேட்டார் அக்கா.

"அங்கதான் அக்கா முக்கியமா வேணும். அவசரத்துல வர்றவங்கதான் நிக்காம ஓடிடறாங்க."

"அவங்க நின்னுபோனதாலதான சார் நம்மகிட்ட வர்றாங்க?"

கருத்து கவனிக்கப்பட்டது.

அடுத்த திங்கட்கிழமை முடிவு வந்தது. தேடுபொறி ஆயிரத்து நூற்றுத் தொண்ணூறு. வருகைமானி இருநூற்று ஐந்து. நெருங்கி வந்திருக்க வேண்டிய எண்கள், சொத்துத் தகராறில் பிரிந்த அண்ணன் தம்பி மாதிரி ஆளுக்கொரு திசையில் போயிருந்தன. அக்கா அன்று சாப்பிடக்கூட எழுந்திருக்காமல் பதிவேட்டை வரி வரியாகப் படித்தார். மறுநாள் காலைக் கூட்டத்தில் சொன்னார்:

"வியாழக்கிழமை மத்தியானம். ரெண்டு மணி நேரம் பத்து நிமிஷத்துல, ஒரே ஃபோன், அதே அவசரப் பக்கத்துக்கு நாப்பத்தேழு தடவை வந்திருக்கு. வருகைமானியில பூஜ்யம்."

"நாப்பத்தேழு தடவையா!" விளம்பரப் பிரிவுக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். "என்ன ஒரு விசுவாசம்! அவருக்கு ஒரு வாழ்த்து மடல் அனுப்பியே ஆகணும் சார்!"

அக்கா இன்னொரு தாளை எடுத்தார். "அந்த நேரத்துல நம்ம தளத்துக்கு ஆளைக் கொண்டுவந்த தேடல் வார்த்தைங்க இது. ‘லிஃப்ட் நின்னுடுச்சு.’ ‘லிஃப்ட் கதவை உள்ளேருந்து திறப்பது எப்படி.’ ‘லிஃப்டுக்குள்ள காத்து எவ்வளவு நேரம் வரும்.’ கடைசியா, ‘பெருமகிழ்ச்சியை மூடுவது எப்படி.’"

அக்கா தாளை மேஜைமேல் வைத்தார்.

"லிஃப்டுக்குள்ள சிக்னல் சரியா கிடைக்காது சார். நம்ம பெட்டி வந்து நம்பரை மறைச்சிடுது. பொத்தானை அமுக்கினா சுத்திக்கிட்டே இருக்கு. அவரு பின்னாடி போய் மறுபடி தேடியிருக்காரு. நாப்பத்தேழு தடவை."

துல்லியம் கண்களை மூடி யோசித்தார். பிறகு, ஒரு நீதிபதியின் கனத்த குரலில் கேட்டார்:

"அப்ப அவரு நமக்கு நாப்பத்தேழா, ஒண்ணா, பூஜ்யமா?"

அந்தக் கேள்விக்கு விடை சொல்லக்கூடியவர் மறுநாளே நேரில் வந்தார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். எங்கள் கட்டடத்தின் லிஃப்டைத் திரும்பியும் பார்க்காமல் ஐந்து மாடியும் படியேறி வந்ததில், நெடுநேரம் அவரால் பேச முடியவில்லை. பேசும் நிலைக்கு வந்ததும், வியாழக்கிழமை லிஃப்டில் மாட்டிக்கொண்டது தாம்தான் என்றார். துல்லியம் ஓடிப்போய் அவர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டார்.

"வாங்க, வாங்க! உங்களைத்தான் தேடிக்கிட்டிருக்கோம்!"

மன்னிப்புக் கேட்கப்போகிறார்கள் என்று நினைத்த கடைக்காரர் கொஞ்சம் கூச்சப்பட்டார். "பரவாயில்லைங்க…"

"உங்க கணக்குப்படி நீங்க எத்தனை தடவை சொடுக்கினீங்க?"

"என்னது?"

"தோராயமா வேண்டாம். சரியா சொல்லுங்க."

"நான் அதை எண்ணலைங்க. கூட ஒரு பொண்ணு இருந்துச்சு. என் கடைக்குக் கண்ணாடி வாங்க வந்த பொண்ணு. எட்டு மாசம். வேர்த்துக்கொட்டி, கீழ உக்காந்துடுச்சு. நான் அது மூச்சத்தான் எண்ணிக்கிட்டிருந்தேன்."

"உள்ள ரெண்டு பேரா!" துல்லியம் பென்சிலை எடுத்தார். "ஒரு ஃபோன்ல ரெண்டு பேர். இதை நாம யோசிக்கவே இல்லையே!"

"எட்டு மாசம்னா ரெண்டே முக்கால் போடலாம் சார்," என்றார் விளம்பரப் பிரிவுக்காரர்.

"அந்தப் பொண்ணு இப்ப எப்படி இருக்கு?" என்று கேட்டவர் அக்கா. அந்த அறையில் அதைக் கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"நல்லா இருக்கும்மா. மாடி துடைக்கிறவரு நான் கதவைத் தட்டற சத்தம் கேட்டு, கடப்பாரையோட வந்தாரு. அவரு மட்டும் அன்னைக்கு லீவு போட்டிருந்தா…" அவர் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "எனக்கு நஷ்ட ஈடெல்லாம் வேண்டாம். அந்த நம்பரை மேல பெருசா போடுங்க. அது போதும்."

துல்லியம் அவரிடம் ஒரு தாளை நீட்டினார். நான் தயாரித்தது: ‘குறிப்பிட்ட நாளில் நான் ஒருவனாகவே இருந்தேன் என்று உறுதிகூறுகிறேன்.’ கடைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மாட்டிக்கொண்டு மறுபடி படித்தார்.

"என் கண்ணுல கோளாறுன்னு நினைச்சேன்," என்று சொல்லித் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அக்கா தம் இடத்துக்குப் போனார். யாரையும் கேட்கவில்லை. பக்கத்தை மறைத்த பெட்டியை நீக்கினார்; நம்பரைப் பக்கத்தின் உச்சியில், கட்டைவிரல் அகலத்துக்குப் போட்டார். மொத்தம் நான்கு நிமிட வேலை. குழு போட்டிருந்தால் அதற்கு நான்கு மாதம் ஆகியிருக்கும் என்பதிலிருந்தே அது எவ்வளவு ‘ஒழுங்கற்ற’ செயல் என்று விளங்கும்.

அடுத்த இரண்டு வாரங்களில் நடந்தது எந்த அலுவலகத்துக்கும் நடக்கக் கூடாதது. மாட்டிக்கொண்டவர்கள் பக்கத்தைத் திறந்தார்கள், நம்பரைப் பார்த்தார்கள், ஃபோன் செய்தார்கள். பழுது பார்ப்பவர் போய்க் கதவைத் திறந்தார். யாரும் இரண்டாம் முறை சொடுக்கவில்லை. வருகைமானி கண் விழிப்பதற்குள் எல்லாரும் போய்விட்டார்கள். தேடுபொறி நானூற்று முப்பது என்றது. வருகைமானி ஒன்பது என்றது.

"ஒன்பது!" துல்லியத்தின் குரல் உடைந்தது. "அக்கா, பழுது பார்க்கிறவரு பன்னெண்டு பேரை வெளிய எடுத்தேன்னு சொல்றாரு. அந்தப் பன்னெண்டு பேரும் எந்தக் கருவியில இருக்காங்க? காட்டுங்க பாப்போம்!"

"அவங்க வீட்டுல இருக்காங்க சார்."

இந்தத் திமிரான பதிலுக்குப் பிறகு விசாரணை நீளவில்லை. குற்றச்சாட்டு: ‘அளவிடப்பட வேண்டிய பொதுமக்களை அனுமதியின்றித் தப்பிக்கவிட்டது’. பணிநீக்க ஆணையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. எனக்கு வீடு இருந்தது, மனைவி இருந்தாள், ஐந்தாவது மாடியில் ஜன்னலோர நாற்காலி இருந்தது. எழுதினேன்.

அக்கா ஒரு தண்ணீர் பாட்டிலையும் மூக்குக்கண்ணாடிக் கூட்டையும் பையில் போட்டுக்கொண்டார். என் மேஜையருகே நின்று ஆணையை ஒருமுறை படித்தார்.

"நீங்க எழுதினதா?"

"ஆமாக்கா."

"நல்ல தமிழ்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மாலையே பெட்டி திரும்ப வந்தது. பதிவேட்டைப் படிக்க ஆள் இல்லாததால், மூன்று எண்களையும் திரட்டி அறிக்கையாக்கும் பணி என் தலையில் விழுந்தது. துல்லியம் என் தோளில் கை வைத்து, "இந்த மாசமாவது ஒத்துப்போகணும்யா," என்றார். அவர் கண்கள் கலங்கியிருந்தன. ஒரு மனிதனை எத்தனை மாதம் அழவிடுவது? நான் முதல் கட்டத்தில் ஐந்நூறு என்று போட்டேன். இரண்டாவதில் ஐந்நூறு. மூன்றாவதிலும், சற்று யோசித்துவிட்டு, ஐந்நூறு.

இதுவே நான் ஆரம்பத்தில் சொன்ன சாதனை. தலைவரே நேரில் வந்து துல்லியத்துக்கும் எனக்கும் சால்வை போர்த்தினார். கைதட்டல் ஓய்ந்ததும், போகிற போக்கில், சாதாரணமாகத்தான் கேட்டார்:

"ரொம்ப சந்தோஷம். ஆமா, இந்த மாசம் நம்ம லிஃப்டுல மாட்டிக்கிட்டவங்க எத்தனை பேரு?"

துல்லியம் என்னைப் பார்த்தார். விளம்பரப் பிரிவுக்காரர் சுவரைப் பார்த்தார்.

"அதை எண்ண நம்மகிட்ட கருவி இல்லைங்க ஐயா," என்றேன்.

"அவ்வளவுதான? ஒண்ணு வாங்கிடுவோம்," என்றார் தலைவர் பெருந்தன்மையுடன்.

எல்லாரும் மறுபடி கைதட்டினோம். மாட்டிக்கொண்டவர்களை எண்ணிக்கொண்டிருந்த ஒருவர் எங்களிடம் இருந்தார். நாங்கள் அவரை வெளியே அனுப்பிவிட்டோம். மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் இன்னும் உள்ளே இருக்கிறார்கள்.