கிளைமேக்ஸ் காக்காவும் நான்கு முடிவுகளும்

கல்முனையில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடமாக ஒரு படத்தின் முடிவைத் தன் சொந்தக் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்ட மனிதர் ஒருவர்கூட இல்லை. அப்படி யாராவது இருந்தால் அவர் ஓட்டோவில் ஏறாமல் நடந்தே தியேட்டருக்குப் போனவராக இருப்பார், அல்லது காது கேளாதவராக இருப்பார். மற்ற எல்லோருக்கும் கிளைமேக்ஸ் காக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

அவருக்கு வாப்பா வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது அடையாள அட்டைக்குள் பத்திரமாக இருந்தது. ஊரில் எல்லோருக்கும் அவர் காக்கா, அதாவது அண்ணன். பஸ் நிலையத்துக்குப் பக்கத்து ஓட்டோ ஸ்டாண்டில் நின்ற சிவப்பு ஓட்டோ அவருடையது. புதுப்படம் வந்தால் ஹயர் ஓட்டங்களையெல்லாம் மற்றவர்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டு முதல் காட்சிக்குப் போய்விடுவார். அவர் வெளியே வந்த நிமிடத்திலிருந்து ஊருக்கு ஆபத்து.

படம் பார்க்க அவருடைய ஓட்டோவில் போகிறவர்களுக்கு வழி நெடுகப் பாட்டுப் போடுவார், மரியாதையாகக் கதைப்பார். தியேட்டர் வாசலில் பிரேக் போட்ட பிறகுதான் திரும்பிப் பார்ப்பார்.

"கடைசில தம்பிக்காரன்தான் கொலைகாரன். பார்த்து இறங்குங்க."

ஒருமுறை நற்பிட்டிமுனையிலிருந்து புதிதாகக் கல்யாணம் முடித்த சோடி ஒன்றை இப்படிக் கொண்டுவந்து இறக்கினார். மாப்பிள்ளை வெளியே வைத்த காலைத் திரும்ப உள்ளே வைத்தார். "அப்ப வீட்டுக்கே திருப்புங்க காக்கா" என்றார். காக்கா சந்தோஷமாகத் திருப்பினார். போகிற வழியில் இன்னும் இரண்டு படத்தின் முடிவையும் சொல்லிக் கொண்டுபோய் விட்டார். அந்தச் சோடி இப்போது மூன்று பிள்ளைகளோடு சுகமாக இருக்கிறது, தியேட்டர் பக்கம் மட்டும் போவதில்லை என்று கேள்வி.

ஸ்டாண்டில் படப் பைத்தியங்களுக்கென்று ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தது. அதிலிருந்து காக்காவை மூன்று தரம் நீக்கினோம். மூன்று தரமும் மன்னிப்புக் கேட்டு உள்ளே வந்தார். மூன்றாவது தரம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிய குரல் பதிவிலேயே அந்தக் கிழமைப் படத்தின் முடிவும் இருந்தது.

எதையும் அவர் கடைசியிலிருந்துதான் தொடங்குவார். என் கடையில் கிடக்கும் பத்திரிகையை எடுத்தால், ஒவ்வொரு கட்டுரையிலும் கடைசிப் பந்தியை மட்டும் வாசித்துவிட்டு மடித்து வைத்துவிடுவார். மேலே இருப்பதையும் வாசியுங்கள் என்று ஒருநாள் சொன்னேன்.

"மேல இரிக்கிறதெல்லாம் இதுக்கு வாற வழிதானே தம்பி. வழியத்தான் நான் நாள் முழுக்க ஓட்டோல பார்க்கிறன்."

காக்காவின் இந்தப் பழக்கத்தை வாசகர்கள் தயவுசெய்து ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

என் கடை என்றேன் அல்லவா. ஸ்டாண்டுக்கு எதிரே நான் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருந்தேன். இப்படி எழுதிப் பிழைக்கவும் அப்போதுதான் தொடங்கியிருந்தேன். பின்னேரமானால் பிளேன்டீ வரும், கடை வாசலில் சபை கூடும், ஊரிலே ஓடுகிற படம் எங்கள் வாயில் படாத பாடு படும்.

தவம் காரைதீவு ஆள், ஓட்டோ ஓட்டுபவர். அடிதடி இல்லாததைப் படமென்றே அவர் ஒப்புக்கொள்ளமாட்டார். "நாலு பேர் பறக்கல்ல எண்டா அது என்ன படம்? அதுக்கு நான் வீட்டிலயே இருப்பனே" என்பார். தேநீர்க் கடை ஹமீதுக்குக் குடும்பப் படம்தான் உயிர். பிரிந்த சகோதரங்கள் கடைசியில் சேர்கிற கட்டத்தைச் சொல்லும்போது தோள்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே தேநீர் ஊற்றுவார், எல்லாக் கோப்பையிலும் சீனி இரண்டு தரம் விழும். நான் விமர்சகன். துவக்கில் ஆறு குண்டுதானே, ஏழாவது எங்கிருந்து வந்தது, இதில் லொஜிக் எங்கே என்று கேட்டு இரண்டு பின்னேரங்களை முழுசாகப் பாழாக்கியவன்.

நாங்கள் மூவரும் மல்லுக்கட்டுவதைக் காக்கா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பிறகு நடுவே புகுவார்.

"அதெல்லாம் இரிக்கட்டும் தம்பிமாரே. ஆள் பிழைக்குதா, சாகுதா? அதுதான் படம்."

இந்த மனிதருக்கு ஏன் இப்படி ஒரு வியாதி என்று நான் வெகுகாலம் யோசித்ததுண்டு. காரணம் தற்செயலாகத்தான் தெரிந்தது. கொப்பி எடுக்கத் தந்த பிறப்புச் சான்றிதழை ஒருநாள் என் கடையில் மறந்து விட்டுவிட்டார். கொடுத்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போனேன். முன் அறையில் யாருமில்லை. உள் அறை வாசலில் திரைச்சீலை தொங்கியது. அதற்கு அந்தப் பக்கம் காக்கா வில்லனாகவும் கதாநாயகனாகவும் குரலை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார். வீடு கூட்டும் தும்புத்தடி சுவரில் படுகிற சத்தம் கேட்டது. ஒரு பெண் மூச்சு முட்டச் சிரித்தார்.

"இஞ்சருங்க, சண்டைய விடுங்க. முடிவச் சொல்லுங்க முதல்ல."

அவர்தான் ஜெமீலா மதினி, காக்காவின் மனைவி. முடிவு தெரியாமல் அவரால் படம் பார்க்க ஏலாது, நெஞ்சு படபடக்கும். கல்யாணம் முடித்த புதிதில் ஒரு படத்தின் பாதியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழும்பிவிட்டாராம். அன்றிலிருந்து காக்கா முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்து முடிவைச் சொல்வார். பிறகு அது போனிலோ தொலைக்காட்சியிலோ வரும்போது மதினி நிம்மதியாகக் காலை நீட்டிக்கொண்டு பார்ப்பார். பிள்ளைகள் இல்லாத வீடு, இரண்டு பேருக்கும் இதுதான் கொண்டாட்டம். வழியில் ஏறினவர்களுக்கெல்லாம் காக்கா சொன்னது ஒத்திகை. மதினியிடம் தடுமாறாமல் சொல்ல வேண்டுமென்று ஊரெல்லாம் சொல்லிப் பார்த்திருக்கிறார்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. பழக்கதோஷத்தில் திட்டுவதை மட்டும் விடவில்லை.

பிறகு மதினிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுதாகிவிட்டது. கிழமைக்கு இரண்டு நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். அந்த இரண்டு நாளும் சிவப்பு ஓட்டோ ஆஸ்பத்திரி மதிலோரம் நின்றது. ஆனாலும் புதுப்படம் வந்தால் காக்கா தவறாமல் போனார். மனைவி இப்படிக் கிடக்கும்போதா என்று ஊரில் சிலர் கதைத்தார்கள்.

"படம் இல்லாட்டி அவள் ஆஸ்பத்திரியத்தானே நினைச்சிட்டு இரிப்பாள்" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம். போஸ்டரில் ஒரு டீச்சரும் புருஷனும் சைக்கிளில் சிரித்துக்கொண்டு போனார்கள். சிரிப்புப் படம் என்று நம்பிக் காக்கா போனார். நாங்கள் மூவரும் வழக்கம்போலக் காதில் கையை வைத்தபடி கடை வாசலில் காத்து நின்றோம். காக்கா வந்தார், ஓட்டோவை நிறுத்தினார், இறங்கவில்லை.

"என்ன காக்கா, முடிவச் சொல்லல்லயா?" என்று ஹமீது கேட்டார்.

"போய்ப் பாருங்க."

காதைப் பொத்தின கையை என்ன செய்வதென்று தெரியாமல் கீழே இறக்கினோம். அடுத்தடுத்த நாட்களில் மூவரும் போய்ப் பார்த்தோம். படத்தில் அந்த டீச்சருக்கும் சிறுநீரக வருத்தம். கடைசியில் இறந்துபோகிறாள். தவம் திரும்பி வரும்போது ஒரு சண்டைகூட இல்லை என்ற குறையைச் சொல்லவே இல்லை.

ஒரு மாதம் கழித்துக் காக்கா என் கடைக்குள் வந்தார். தவமும் ஹமீதும் இருந்தார்கள். அது ஒரு சிறுநீரக வருத்தக்காரியின் படம் என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் மதினியிடம் சொல்லிவிட்டார்களாம். மதினி முடிவைக் கேட்டிருக்கிறார்.

"பிழைச்சிட்டாள் எண்டு சொல்லிட்டன்," என்றார் காக்கா. "ஆனா நல்லாச் சொல்லல்ல தம்பி. ரெண்டு சொல்லுல முடிச்சிட்டன். அவள் என்ட மூஞ்சியப் பார்த்திட்டு, வேற ஆரும் பார்த்தவங்களா எண்டு கேக்காள்."

"படம் போன்ல வந்திட்டே காக்கா. மதினி பார்த்தா?" என்றேன்.

"போன் பழுது எண்டு சொல்லிட்டன். நீங்க மூணு பேரும் நோய் விசாரிக்க வாற மாதிரி வந்து, பிழைச்சிட்டாள் எண்டு சொல்லணும். ஒண்டா வராதீங்க. சோடிச்ச கதை மாதிரி இரிக்கும்."

மூவரும் தலையாட்டினோம். எப்படிப் பிழைத்தாள் என்று நாங்கள் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இங்கேதான் தவறு நடந்தது. படப் பைத்தியம் என்றால், அந்தப் படத்தை எப்படி முடித்திருக்க வேண்டுமென்று அவனவனுக்கு ஏற்கெனவே ஒரு அபிப்பிராயம் இருக்குமே.

எங்கள் பக்கம் நோயாளிப் பெண்ணை விசாரிக்கப் போகும் வெளி ஆண்கள் முன் அறைக் கதிரையில் இருப்பார்கள். அவர் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் படுத்திருப்பார். முகம் தெரியாது, குரல் மட்டும்தான் போய் வரும். பொய் சொல்லப் போகிறவனுக்கு இதைவிட வசதி வேறென்ன என்று எண்ணிக்கொண்டு போனேன். நான் போனது மூன்றாவது ஆளாக. மதினியின் தங்கை தேநீர் வைத்துவிட்டு உள்ளே போனார். காக்கா மருந்து வாங்குகிறேன் என்று வெளியே நழுவிவிட்டார்.

சுகம் கேட்டேன், நோய் குணமாக வேண்டுமென்று துஆ செய்தேன், பேச்சைப் படத்துக்குக் கொண்டுவந்தேன். என் முடிவில் யதார்த்தம் இருந்தது. டீச்சரின் பெயர் காத்திருப்போர் பட்டியலில் ஏறுகிறது, விண்ணப்பம் ஒரு அரசாங்கக் கந்தோரில் தொலைகிறது, திரும்பக் கிடைக்கிறது, பொருத்தமான சிறுநீரகம் வருகிறது, சத்திரசிகிச்சை நடக்கிறது. பாடசாலையில் அவளுக்கு இலகுவான வகுப்புக் கொடுத்தார்கள் என்பதுவரை சொன்னேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது.

"தம்பி எழுதுற ஆள் எண்டபடியா, உங்கட முடிவுதான் எல்லாத்திலயும் நல்லா இரிக்கி," என்றார் மதினி. "தவம் அண்ணன் சொன்னார், புருஷன்காரன் ஆஸ்பத்திரிக்குள்ள பூந்து ஒம்பது பேர அடிச்சிப் போட்டு கிட்னியக் கொண்டுவந்தானாம். ஹமீது சொன்னார், சின்ன வயசுல காணாமப் போன ரெட்டச் சகோதரி வந்து குடுத்தாவாம். சொல்லக்குள்ள அவரே அழுதிட்டார். எங்கட ஆள், உங்கட காக்கா, சொன்னது, ரிப்போட் மாறிப்போச்சாம், அவளுக்கு வருத்தமே இல்லையாம்."

நான் கதிரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"நாலு பேர் நாலு முடிவு சொன்னீங்க. நாலுலயும் அவள் சாகல்ல. அப்ப படத்துல அவள் மௌத்தாயிட்டாள். என்ன தம்பி?"

எத்தனையோ படத்தை வாயாலேயே கிழித்துத் தொங்கவிட்டவன் நான். அன்று அந்த வாயில் அழுகைதான் வந்தது.

"கவலப்படாதீங்க. முடிவு தெரிஞ்சா எனக்குப் படபடப்பு வாறல்ல. அது அவருக்கும் தெரியும், பாவம், மறந்திட்டார்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "ஒரு உதவி செய்யுங்க. நான் நம்பிட்டன் எண்டு அவருக்கிட்டச் சொல்லுங்க. ரிப்போட் மாறின கதையத்தான் நம்பினன் எண்டு சொல்லுங்க. மத்த ரெண்டு பேருக்கும் சொல்லி வைங்க."

வீட்டுக்கு வெளியே ஒழுங்கை முனையில் காக்கா ஓட்டோவுக்குள் இருந்தார். கையில் மருந்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

"என்னவாம்?"

"நம்பிட்டா காக்கா. ரிப்போட் மாறினதத்தான் நம்பினா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார். என்னைக் கடையில் கொண்டுபோய் இறக்கும் வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு வந்தார்.

நோன்புக்கு ஒரு கிழமை இருக்க மதினி வபாத்தானார். மரணச் செய்தி கேட்டதும் ஹமீது கடையைப் பூட்டினார். தவம் காரைதீவிலிருந்து வந்து அன்று முழுக்க வாசலில் நின்று, வருகிறவர்களுக்குக் கதிரை எடுத்துப் போட்டார். காக்கா என்னைக் கண்டதும் கையைப் பிடித்து, "அவள் நம்பினாள்தானே?" என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன்.

திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மதினி சொன்னதை இன்றுவரை நான் அவரிடம் சொல்லவில்லை. இங்கே எழுதத் துணிந்தது ஒரே ஒரு தைரியத்தில்தான். இது கடைசிப் பந்தி இல்லை.

காக்கா திரும்பவும் ஸ்டாண்டுக்கு வந்துவிட்டார். புதுப்படத்துக்குப் போகிறார், தியேட்டர் வாசலில் பிரேக் போட்டு முடிவையும் சொல்கிறார். ஆனால் இப்போதெல்லாம் எந்தப் படத்திலும் ஒருவரும் சாவதில்லை. "ஆள் பிழைச்சிரும், பயப்படாம இறங்குங்க" என்கிறார். உள்ளே போய்ப் பார்த்தால் ஆள் செத்துக் கிடக்கும். தொடக்கத்தில் ஒரு இளந்தாரி, பொய் சொல்லிவிட்டீர்களே என்று சண்டைக்கு வந்தான். தவம் அவனைத் தோளில் கைபோட்டுத் தள்ளிக்கொண்டு போய் என்னவோ சொன்னார். அதன் பிறகு யாரும் கேட்பதில்லை.

போன கிழமை நான் போன படத்தில் ஒரு வாப்பா மீன்பிடிக்கக் கடலுக்குப் போகிறார். கடைசியில் வீட்டுக்கு வந்துவிடுவார் என்று காக்கா சொல்லித்தான் இறக்கிவிட்டார். அவர் வரவில்லை. படம் முடிந்து நான் வெளியே வந்தபோது சிவப்பு ஓட்டோ வாசலில் நின்றது.

"எப்படித் தம்பி?"

"நீங்க சொன்ன மாதிரித்தான் காக்கா. வந்து சேர்ந்திட்டார்."

"லொஜிக் இரிக்கா?"

"ஓம் காக்கா. எல்லாம் இரிக்கி."

காக்கா, நீங்கள் வாசிக்கும் பந்தி இதுதான். மதினி நம்பினார். நாங்கள் மூன்று பேரும் போய் என்னென்னவோ சொன்னோம். அவர் நீங்கள் சொன்ன முடிவைத்தான் நம்பினார்.