ஆறுக்கு அடுத்த எண்

லாஸ் வேகாஸ் சூதாட்ட விடுதி ஒன்றில், பகடை மேசையில் பகடைகளைத் தள்ளிக்கொடுக்கும் கோலைப் பிடிப்பது என் உத்தியோகம். பகடை உருளும் முன் பந்தயங்களைக் கூவ வேண்டும்; உருண்ட பின் விழுந்ததைக் கூவ வேண்டும். இரண்டு பகடையிலும் ஒன்று விழுந்தால் ‘பாம்புக்கண்’ என்போம். இரண்டிலும் ஆறு விழுந்தால் ‘சரக்கு வண்டி’. ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே ஓர் எண் இருக்கிறது. ஆட்டத்தின் நடுவில் அது வந்தால் காசெல்லாம் போச்சு. ஆகவே பகடை உருளும் முன் அதன் பெயரை யாரும் சொல்வதில்லை. ‘பெரிய சிவப்பு’ என்போம். நான் படித்தவன், இதையெல்லாம் நம்புவதில்லை. சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இந்நிலையில் எங்கள் விடுதியில் மொழிக் கண்ணியப் பிரிவு உதயமாயிற்று. அதன் தலைவி கிளாடிஸ் வான்ஹார்ன் அம்மையார் ஓர் ஆணை பிறப்பித்தார்: ‘விருந்தினரின் மாண்பை முன்னிட்டு, பாம்பு, வண்டி முதலியன மேசையில் நுழையலாகாது. எண்களை இயற்பெயராலேயே அழைத்தல் வேண்டும். மீறுவோர் நீக்கப்படுவர்.’

அன்று மதியமே சோதனை. லாரி ஓட்டி ஓய்வு பெற்ற எல்ராய் அண்ணன் பகடையைக் குலுக்கினார்.

“தம்பி, அந்தப் பேரை மட்டும் சொல்லிடாதே. ஜெயிச்சு என் வண்டிக்கு டயர் மாத்தணும்.”

என் முதுகுக்குப் பின்னால் அம்மையார் நின்றிருந்தார். வேலை போய்விடும் என்று தெரியும். வாயைத் திறந்தேன். “பெரிய சிவப்பு” என்றுதான் வந்தது.

மறுநாள் விசாரணை. குழுவில் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், அதே எண்ணிக்கைதான்.

“ஏன் சொல்லலை?” என்றார் அம்மையார்.

“சொன்னா ஆளுங்க காசை எடுத்துட்டுக் கிளம்பிடுவாங்கம்மா.”

“மூடநம்பிக்கை.”

“ஒரு தடவை நீங்க சொல்லிக் காட்டுங்களேன்.”

அம்மையார் தண்ணீர் குடித்தார். “நான் எதுக்குச் சொல்லணும்? நான் விதி போடறவ. அதுவும் சாயங்காலம் மேட்ச் இருக்கு, அதுமேல பந்தயம் கட்டியிருக்கேன்.”

என்னை நீக்குவதற்கு ஓட்டெடுப்பு நடந்தது. அம்மையார் உட்பட ஒருவர் விடாமல் கை தூக்கினார்கள். மொத்தக் குழுவும் சம்மதித்தால்தான் நீக்கலாம். எண்ணிக்கையைத் தலைவி வாய்விட்டு அறிவித்தால்தான் செல்லும்.

“நாலு, அஞ்சு, ஆறு...” என்று எண்ணிய அம்மையார் இருமினார். தன் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். “ஆறு. தீர்மானம் தோல்வி.”

கூட இருந்தவர்கள் நிம்மதியாக மூச்சு விட்டார்கள்.

குற்றத்தை முழுமையாக அறிந்தவன் என்ற தகுதியால் இப்போது நானே பயிற்சி அதிகாரி. வகுப்பில் அந்த எண் வரும்போது மட்டும் விரல்களைக் காட்டுகிறேன், ஊழியர்கள் தலையாட்டுகிறார்கள். அனைவரும் தேர்ச்சி. மூடநம்பிக்கையை ஒழித்ததற்கான சான்றிதழை அம்மையார் வரும் எட்டாம் தேதி வழங்குகிறார். விழாவை அதற்கு முந்தின நாள் வைப்பதாகத்தான் இருந்தது. வேண்டாம் என்று மாற்றச் சொன்னது நான்தான்.