பின் சீட்டில் மிதிப்பது யார்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரி வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் டெஸ்டர் சாரைப் போல ஒரு சந்தேகப் பேர்வழி அகப்படமாட்டார். இதை நான் எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அவரிடமே சொன்னால் நம்பமாட்டார், அது வேறு விஷயம்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. ஏதோ ஒரு கம்பெனியில், வருகிற உதிரி பாகங்களையெல்லாம் உற்றுப் பார்த்துவிட்டு ‘சரியில்லை’ என்று திருப்பி அனுப்புகிற வேலை பார்த்து ரிடையர் ஆனவர். அந்த வேலையை அவர் இன்னும் விடவில்லை. மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் அவர் ஒரு டெஸ்டர் வைத்திருப்பார். கரண்ட் இருந்தால் உள்ளே சிவப்பாக மினுக்குமே, அந்த ஸ்க்ரூடிரைவர். யார் வீட்டுக்குப் போனாலும் காலிங் பெல்லில் கை வைப்பதற்கு முன் அதை வைத்துப் பார்ப்பார். எங்கள் வீட்டு கிரகப்பிரவேசத்தில் பந்தியில் உட்கார்ந்தவர், பாயசம் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரில் டெஸ்டரை வைத்தாரே பார்க்கலாம்!

“என்ன சார் இது?” என்றேன்.

“பக்கத்துல ஃப்ரிட்ஜ் இருக்கு. எர்த் சரியில்லைன்னா எதுல வேணா வரும் சார்.”

அன்றோடு அவருடைய சொந்தப் பெயரைத் தெரு மறந்துவிட்டது.

அப்பேர்ப்பட்டவர் ஒருநாள் இரட்டை சைக்கிளோடு வந்து இறங்கினார். முன்னால் ஒரு சீட், பின்னால் ஒரு சீட், இரண்டு பேருக்கும் பெடல். காட்டாங்குளத்தூரில் காலேஜில் வேலை பார்த்த ஒருவர் ஊரைவிட்டுப் போகும்போது விற்றதாம். கால்களுக்குத் தினமும் வேலை கொடுக்கணும், சைக்கிள் ஓட்டுங்க என்று டாக்டர் சொல்லியிருந்தார். தனியாக அனுப்ப அவர் மனைவி சாந்தா டீச்சருக்கு மனசில்லை. அதனால் இந்த ஏற்பாடு. டீச்சர் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சராக இருந்தவர். சுடிதாரும் ஷூவும் போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தால், தெரு நாய்கள்கூட எழுந்து வழிவிடும்.

தினமும் காலையில் இரண்டு பேரும் எங்கள் வீட்டைத் தாண்டி செம்பாக்கம் ஏரிப் பக்கம் போவார்கள். அந்த நேரத்தில் மட்டும் சாரின் முகம் பள்ளிக்கூடம் லீவு விட்ட பிள்ளையின் முகமாக இருக்கும். ஆனால் பிறவிக் குணம் போகுமா? கொஞ்ச நாளிலேயே அவருக்கு ஒரு பெரிய சந்தேகம் வந்துவிட்டது.

பின்னால் உட்கார்ந்திருக்கிற டீச்சர் நிஜமாகவே மிதிக்கிறாரா?

அந்த சைக்கிளில் இரண்டு பெடலையும் ஒரே செயின் இணைக்கிறது. முன்னால் மிதித்தால் பின்னால் இருப்பதும் தானே சுற்றும். பின்னால் இருப்பவர் மிதிக்கிறாரா, சும்மா காலை வைத்துக்கொண்டு சவாரி போகிறாரா என்று ஆண்டவனாலும் சொல்ல முடியாது. சார் சும்மா விடுவாரா? ஹேண்டில்பாரில் ஒரு கண்ணாடியை மாட்டினார். பின்னால் வருகிற தண்ணி லாரியைப் பார்க்க என்று நினைத்தால், அது டீச்சரின் கால்களைப் பார்த்துத் திரும்பியிருந்தது!

“கால் சுத்துது சார். ஆனா அழுத்தம் இல்ல. எனக்குத் தெரியாதா?” என்று என்னிடம் ரகசியமாகச் சொன்னார்.

“அவர் சொல்றத நீங்க கேக்காதீங்க தம்பி,” என்றார் டீச்சர், சத்தமாக.

இந்த லட்சணத்தில் டீச்சரே ஒருநாள் ஆரம்பித்தார். “எனக்கு முட்டி வலிங்க. சைக்கிளுக்கு மோட்டார் வெச்சுக்கலாம். மிதிக்க லேசா இருக்குமாம்.”

அவ்வளவுதான். சார் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். “பாத்தீங்களா? மிதிக்காமலே இருந்தா எப்படி சார் முட்டி வலிக்கும்? மார்க்கெட்டுக்குப் போறப்ப அந்த முட்டி எங்க போவுது? இதுல ஏதோ இருக்கு.”

மோட்டாரின் மேலும் அவருக்கு நம்பிக்கை இல்லை. பேட்டரி வெடிக்கும் என்றார். வெடிக்காவிட்டால் மழையில் ஷாக் அடிக்கும் என்றார். இரண்டும் நடக்காவிட்டால் அது டூப்ளிகேட் பேட்டரி என்றார். டீச்சர் விடவில்லை. நாள் முழுக்க முட்டியைப் பிடித்துக்கொண்டே தோசை சுட்டார். கடைசியில் சார் இறங்கிவந்தார்.

பம்மலில் இந்த வேலை செய்கிற பட்டறை ஒன்று இருந்தது. அவ்வளவு தூரம் மிதிக்க முடியாதென்று சைக்கிளைக் குட்டியானை வண்டியில் ஏற்றினோம். “நீங்களும் வாங்க சார், சாட்சிக்கு ஒரு ஆள் வேணும்,” என்று என்னையும் இழுத்துக்கொண்டார். டீச்சரும் நானும் டிரைவர் பக்கத்தில். சார் மட்டும் பின்னால், சைக்கிளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, வெயிலில். கட்டிய கயிற்றின் மேல் அவருக்குச் சந்தேகம்.

பட்டறைக்காரர் மோகன் நல்ல மனிதர். பேட்டரியை வெளியே எடுத்து வைத்ததுமே சார் டெஸ்டரை உருவினார்.

“இன்னா சார், டாக்டர் கணக்கா குத்திப் பாக்கற? புத்தம் புதுசா கீது. சும்மா பேஜார் பண்ணாத சார்,” என்றார் மோகன். பிறகு, “ரெண்டு பேர்ல யாருக்கு சார் கால்ல பவர் கம்மி? அதுக்குத் தக்கன மோட்டார செட் பண்ணிக்குடுத்துடறேன்,” என்றார்.

“பின்னால இருக்கிற ஆளுக்குத்தான். இப்பவே நிரூபிக்கிறேன்,” என்றார் சார். பட்டறையை ஒட்டி ஒரு மேம்பாலம் ஏறியது. அதைக் காட்டினார். “அவ இறங்கட்டும். நான் தனியா இதுல ஏறுறேன். அவ இல்லாமலே சுலபமா ஏறிட்டேன்னா, அவ இத்தனை நாளா மிதிக்கலைன்னு தெரிஞ்சுபோயிடும். இல்லையா சார்?”

கணக்கு சரியாகத்தான் இருந்தது. டீச்சரின் முகம்தான் சரியாக இல்லை.

“வேணாங்க. வெயில் கொளுத்துது. இன்னொரு நாள் பாக்கலாம்.”

“பாத்தீங்களா, பயப்படறா!” என்று சார் குதூகலமாகக் கிளம்பிவிட்டார்.

டீச்சர் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தார். முதல்முறையாக அவர் குரல் தழைந்து கேட்டது. “போக வேணாம்னு சொல்லுங்க தம்பி. அவரால முடியாது.”

“ஏன் டீச்சர்?”

“போன தீபாவளியிலேருந்து நான்தான் மிதிச்சுக்கிட்டு இருக்கேன்.”

“நீங்களா?” என்றேன்.

“அவர் காலு சோந்துபோச்சு தம்பி. அது அவருக்கே தெரியாது. தெரிஞ்சா அன்னிக்கே சைக்கிளை வித்துட்டு நாற்காலியில உக்காந்துடுவாரு. அவருக்குன்னு இருக்கற சந்தோஷம் அந்தக் காலை நேரம் ஒண்ணுதான். எனக்கும்தான். ரெண்டு பேருக்குமா மிதிச்சு மிதிச்சு என்னாலயும் முடியல. அதான் மோட்டாரு, முட்டி வலின்னு நாடகம்.”

அதற்குள் சார் பாலத்தில் ஏறத் தொடங்கியிருந்தார். கொஞ்ச தூரம் போனது. ஆளில்லாத பின் பெடல்கள் அவர் காலோடு சேர்ந்து மெதுவாக, இன்னும் மெதுவாகச் சுற்றின. பாதி ஏற்றம்கூட இல்லை, சைக்கிள் ஆடி நின்றது. காலை ஊன்றினார். இறங்கி பிரேக்கைப் பார்த்தார், டயரை அமுக்கிப் பார்த்தார். மறுபடி ஏறி மிதித்தார். நகரவில்லை. பாவி மனுஷன், பையிலிருந்து டெஸ்டரை எடுத்து ஹேண்டில்பாரில் வைத்துப் பார்த்தார். அதில் என்ன எரியப்போகிறது?

திரும்பி, கீழே நின்ற டீச்சரைப் பார்த்தார். பிறகு பின் சீட்டைப் பார்த்தார். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கி வந்தார்.

டீச்சர்தான் முதலில் பேசினார். “செயின் டைட்டா இருந்திருக்கும்.”

“அதெல்லாம் இல்லம்மா, செயின் சும்மா...” என்று மோகன் வாயெடுத்தார். பி.டி. டீச்சர் ஒரு பார்வை பார்த்தார். மோகன் ஸ்பேனரைத் தேடப் போய்விட்டார்.

சார் செயினைத் தொடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. “ஆமா, செயின்தான்,” என்றார். ஒருவர் சொன்னதைச் சோதிக்காமல் அவர் ஒத்துக்கொண்டதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மோகனைக் கூப்பிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: “மோட்டாரை மாட்டிடுப்பா. நல்லா பவரா வையி. அம்மாவுக்கு முட்டி வலி.”

இப்போது மோட்டார் ஓடுகிறது. பேட்டரி சார்ஜ் ஏறும்போதெல்லாம் பக்கத்தில் ஒரு வாளி மணலோடு சார் காவல் உட்கார்ந்திருக்கிறார். பட்டறையில் நடந்ததைப் பற்றி அவர்கள் வீட்டில் ஒரு வார்த்தை பேசியதில்லை என்று டீச்சர் சொன்னார். தெருவில் யார் கேட்டாலும் “அவளுக்கு முட்டி வலி சார், அதுக்காகத்தான்” என்கிறார். டீச்சரும் உடனே முட்டியைப் பிடித்துக்கொள்கிறார். இந்த ஜோடியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

போன வாரம் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார்கள். ஹேண்டில்பார் கண்ணாடி வேறு பக்கம் திரும்பியிருந்தது. அதில் கால்கள் தெரியவில்லை. டீச்சரின் முகம் தெரிந்தது.

“என்ன சார், கண்ணாடி மேல பாக்குது?”

“எவனோ தட்டிட்டுப் போயிருக்கான். இந்தத் தெருவுல யாரை சார் நம்ப முடியுது?” என்று சிடுசிடுத்துவிட்டு மிதித்தார்.

இன்று காலையும் போனார்கள். கண்ணாடியை அவர் இன்னும் திருப்பி வைக்கவில்லை.