ஓர் ஆளுக்கு வெட்டிய குழி

பிள்ளைகளா, மில் சங்கு ஊதும்போதெல்லாம் உங்கள் அம்மா என்னைப் பார்த்து ஏன் சிரிக்கிறாள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். அவள் வாயால் கேட்டால் இன்னும் கேவலமாக இருக்கும். நானே எழுதிவிடுகிறேன்.

யுத்த காலம். எங்கே போனாலும் ஜப்பான்காரன் குண்டைப் பற்றித்தான் பேச்சு. அபாயச் சங்கு ஊதினால் குழிக்குள் இறங்கி, காதில் பஞ்சை அடைத்து, பல்லுக்கிடையே துணியைக் கடித்துக்கொண்டு குப்புறப் படுக்க வேண்டும் என்று மதுரையில் சொல்லிக்கொடுத்தார்கள். விளாங்குடியில் நம் வீட்டுக் கொல்லையில் நானும் ஒரு குழி வெட்டினேன். (நானே படுத்து அளவு பார்த்துத்தான் வெட்டினேன். வினையே அதில்தான்.)

பெரியவளே, நீ அப்போது அம்மா வயிற்றில் ஐந்து மாதம். மதுரைப் பக்கமே வேண்டாம் என்று அவளை அழைத்துப் போக வாடிப்பட்டியிலிருந்து உன் மாமா வண்டி கட்டிக்கொண்டு வந்துவிட்டார். போனால் யுத்தம் முடிகிறவரை அனுப்ப மாட்டார்கள். அவள் இல்லாத வீட்டில் எனக்கு ஒரு நாள் ஓடாது. அதை மச்சானிடம் சொல்ல முடியுமா? அவரைக் கொல்லைக்குக் கூட்டிப்போய்க் குழியைக் காட்டி, என் உயிரைக் கொடுத்தாவது அவளைக் காப்பாற்றுவேன் என்று நெஞ்சை நிமிர்த்திப் பேசிக்கொண்டிருந்தேன்.

சங்கு ஊதியது.

அடுத்து எனக்குத் தெரிந்தது, குழிக்குள் குப்புறக் கிடக்கிறேன். காதில் பஞ்சு, வாயில் துண்டு. வெகுநேரம் கழித்து யாரோ என் முதுகில் தட்டிக் காதுப் பஞ்சைப் பிடுங்கினார்கள்.

"மாப்ள, அது மில்லு ரெண்டு மணிச் சங்கு" என்றார் மச்சான். (அதைக் கேட்டுத்தான் தினமும் அந்த மில்லுக்கு வேலைக்கு ஓடுவேன். அன்றைக்கு எனக்கு லீவு. புத்தியும் லீவு போட்டிருக்கிறது.)

அம்மா குழியோரம் இடுப்பில் கைவைத்து நின்றாள். "நானும் பிள்ளையும் எங்கிட்டு இருக்கிறதாம்?"

தலையை மட்டும் தூக்கி அவளைப் பார்த்தேன். வாயில் துண்டு வேறு. மச்சான் அவள் பெட்டியைத் தூக்கினார். எல்லாம் போயிற்று என்று குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன்.

"பெட்டிய இறக்குங்கண்ணே. வளைகாப்பு முடிஞ்சு வாரேன். இப்பவே நான் வந்துட்டா, இவுகள யாரு பாத்துக்கிறது?"

மச்சான் வாடிப்பட்டி வரைக்கும் சிரித்துக்கொண்டே போயிருப்பார். இன்றைக்கும் கல்யாணப் பந்தியில் என்னைக் கண்டால், "மாப்ளைக்கு ஓர் ஆள் இடம் போதும்ப்பா" என்கிறார்.

மறுநாள் விடியலில், அவள் எழுந்திருக்குமுன் மம்பட்டியோடு கொல்லைக்குப் போனேன். குழியை அகலப்படுத்தி, உள்ளே இறங்கி ஓரமாக ஒருக்களித்துப் படுத்துப் பார்த்தேன். பக்கத்தில் அவளுக்கு இடம் இருந்தது. நடுவில் கையை வைத்து ஒரு முழம் அளந்தேன். எழுந்து, இன்னும் கொஞ்சம் வெட்டினேன்.